வறட்சியைத் தாங்கும், சரி, வயித்தைத் தாங்குமா?

"தண்ணி வேண்டாம். உரம் வேண்டாம். ஆடு மாடு கடிக்காது. தரிசுல நட்டுட்டு வந்தா போதும், டீசலாக் காய்க்கும்."

இருபது வருசத்துக்கு முன்னாடி காட்டாமணக்குக்குச் சொன்னது இது. இப்ப செடிப் பேரு மட்டும் மாறியிருக்கு. போன மாசம் சென்னையிலிருந்து நண்பர் ஒருத்தர் ஒரு வீடியோ அனுப்பினார். வறட்சியும் தாங்குமாம், கடுங்குளிரும் தாங்குமாம், எந்த மண்ணிலும் வருமாம், அப்படி ஒரு எண்ணெய்ச் செடி. "உங்க ஊர்ல சும்மா கிடக்குற நிலத்துல இதைப் போடலாமே?" என்று கேட்டிருந்தார். நல்ல மனுசர், அக்கறையில்தான் கேட்டார். அவருக்கு வாட்ஸப்பில் நாலு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பழைய கதை. நகரத்தில் இருப்பவர்களுக்கு இது மறந்திருக்கும். எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்கவில்லை.

காட்டாமணக்கு எங்களுக்குப் புதுச் செடி இல்லை. ஆதாளை என்றும் சொல்வோம். (கண்மாய்க்குள்ள ஊதாப்பூ பூத்துக் கிடக்குமே, அது நெய்வேலிக் காட்டாமணக்கு. அது வேற, இது வேற.) குச்சியை ஒடித்து ஊன்றினால் முளைக்கும். வேலிக்கு வைப்போம். சின்ன வயசில் அதன் பாலை ஊதிக் குமிழி விட்டிருக்கிறோம். கொட்டையைத் தின்ற பிள்ளை வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதை ஊருக்கு ஒன்று இருக்கும். பூர்வீகம் மத்திய அமெரிக்கா, போர்ச்சுக்கீசியர் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது என்பார்கள். வந்து இத்தனை நூறு வருசத்தில் ஒரு சம்சாரியும் இதை வரப்பைத் தாண்டி வயலுக்குள் கொண்டுபோய் நடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை யாரும் வந்து கேட்கவில்லை.

2003-ல் மத்தியத் திட்டக் குழு போட்ட உயிரி எரிபொருள் கமிட்டி அறிக்கை கொடுத்தது. 2011-12க்குள் நாட்டின் டீசலில் 20 சதவீதம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து வரவேண்டும், அதற்குச் சுமார் 1.12 கோடி ஹெக்டேர் நடவேண்டும் என்றது கணக்கு. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே, ஊரு, காடு, மலை, கண்மாய் எல்லாம் சேர்த்து, 1.3 கோடி ஹெக்டேர்தான். கிட்டத்தட்ட ஒரு தமிழ்நாடு முழுக்கக் காட்டாமணக்கு! அந்த நிலம் எங்கே இருக்கிறது என்றால், "தரிசில்" என்றார்கள். ஹெக்டேருக்கு 2,500 செடி, செடிக்கு ஒன்றரைக் கிலோ கொட்டை, ஆக 3.75 டன் என்று காகிதத்தில் விளைந்தது.

அப்துல் கலாம் ஐயா குடியரசுத் தலைவராக இருந்தபோது பல மேடைகளில் இந்தச் செடியைப் பற்றிச் சொன்னார். அவருடைய நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரே சொல்லிவிட்டார் என்றதும் ஊர் ஊருக்கு ஏஜெண்டு முளைத்தான்.

சாத்தூர் பக்கம் எனக்கு மாமா முறையில் ஒருத்தர், கரிசல்காட்டில் மூணு ஏக்கர் நட்டார். வந்தது பெரிய கம்பெனிகூட இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு ஏஜெண்டு, கன்றைக் காசுக்குக் கொடுத்தான், "காய்ச்சதும் நாங்களே வந்து எடுத்துக்கிறோம்" என்றான். செடி முளைத்தது, தழைத்தது, கோடையில் இலையை உதிர்த்துக் குச்சியாக நின்றது, மழைக்கு மறுபடி துளிர்த்தது. நாலாம் வருசம் போய்ப் பார்த்தேன்.

"செடி நல்லாத்தான நிக்குது மாமா?" என்றேன்.

"நிக்குது மாப்ள, நிக்குது. அது நிக்கிறதுக்கு நான் எதுக்குத் தீர்வை கட்டணும்?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்குள் எல்லாமே இருக்கிறது. வறட்சியைத் தாங்கும் என்றால் சாகாது என்றுதான் அர்த்தம். விளையும் என்று அர்த்தமில்லை. தண்ணி இல்லாதபோது செடி இலையைக் கொட்டி உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். உயிரைக் காப்பாற்றுகிற செடி கொட்டையில் எண்ணெய் சேர்த்துவைக்காது. எண்ணெய் என்பது செடி சேமிக்கிற சக்தி. சேமிக்க வருமானம் வேண்டும், செடிக்கும் அப்படித்தான். தண்ணி, உரம் இல்லாமல் நிற்கும் என்பதும் உண்மை, 3.75 டன் காய்க்கும் என்பதும் (நல்ல தண்ணி, நல்ல மண், கவாத்து எல்லாம் இருந்தால்) எங்கேயாவது உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒரே செடியில், ஒரே நிலத்தில், ஒரே வருசத்தில் நடக்காது. இரண்டையும் ஒட்டவைத்து விற்றதுதான் மோசடி.

இதே கரிசலில் குதிரைவாலி போடுகிறோம். ரெண்டு மழை கிடைத்தால் மூணு மாசத்தில் கதிர் அறுக்கலாம். அதுவும் வறட்சியைத் தாங்குகிற பயிர்தான். வித்தியாசம் என்ன? குதிரைவாலியை எத்தனையோ தலைமுறைச் சம்சாரிகள் நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கி விதைக்கு எடுத்துவைத்துப் பயிராக்கியிருக்கிறார்கள். காட்டாமணக்கு இன்னும் காட்டுச்செடி. இந்தியாவில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே குடும்பத்துச் செடிகள், ரகம் தேர்ந்தெடுக்க வேறுபாடே கொஞ்சம். ஒரு கொத்தில் பச்சை, மஞ்சள், கறுப்பு மூணும் சேர்ந்து கிடக்கும், ஒரே தடவையில் பறிக்க முடியாது. ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனமே 2010-ல் வெளியிட்ட அறிக்கையில், இது இன்னும் பயிராகப் பழக்கப்படுத்தப்படாத செடி என்று சொன்னது. அதை 2003-லேயே சொல்லியிருக்க வேண்டும். ரகமே உருவாகாமல் கோடி ஹெக்டேருக்கு இலக்கு வைத்தால், சோதனைச்சாலை யாருடைய நிலம்? எங்க மாமாவோட மூணு ஏக்கர்தான்.

இப்ப காசுக் கணக்கைப் பாருங்கள். 2005 அக்டோபரில் பெட்ரோலிய அமைச்சகம் பயோடீசல் கொள்முதல் விலையை அறிவித்தது, லிட்டருக்கு 25 ரூபாய். 2006 ஜனவரி 1 முதல் அமல். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்றரை முதல் நாலு கிலோ கொட்டை வேண்டும். கிலோவுக்கு 6 ரூபாய் சம்சாரிக்குக் கொடுத்தால் அதிலேயே 21 முதல் 24 ரூபாய் போய்விடும். மிச்சமுள்ள ஒன்றிரண்டு ரூபாயில் ஆட்டணும், மெத்தனால் சேர்த்து பயோடீசலாக்கணும், டேங்கர் லாரியில் கொண்டுபோய்ச் சேர்க்கணும். எந்த ஆலைக்காரனும் செய்ய மாட்டான்.

சம்சாரி பக்கம் வருவோம். மானாவாரியில் ஏக்கருக்கு 400 கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 6 ரூபாய் வீதம் 2,400 ரூபாய். ஒரு ஆள் நாள் முழுக்கப் பறித்து, தோலுடைத்து, 20 கிலோ தேற்றினால் பெரிது. 20 ஆள். அப்போது நூறுநாள் வேலையில் தமிழ்நாட்டுக் கூலி 80 ரூபாய். 1,600 போச்சு. உழவு, களை, கவாத்துக்கு மிச்சம் 800. அதுவும் மூணு வருசம் ஒன்றும் வராமல் காத்திருந்த பிறகு. புண்ணாக்காவது மாட்டுக்கு ஆகுமா என்றால், விஷம். ஆடு மாடு கடிக்காது என்று பெருமையாகச் சொன்னதே அதனால்தான்! சோளத்தில் விளைச்சல் போனாலும் தட்டை மிஞ்சும். கடலையில் போனாலும் கொடி மிஞ்சும். இதில் போனால் வெறுங்குச்சிதான் மிஞ்சும்.

இது என் பேனாக் கணக்கு மட்டுமில்லை. பெரே அரிசா மொன்டோபியோ, ஷரச்சந்திர லேலே என்ற ரெண்டு ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் காட்டாமணக்கு நட்ட விவசாயிகளிடம் போய்க் கேட்டு 2010-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு, தண்ணி இல்லாமல் கட்டுப்படியாகாது, தாக்குப்பிடித்தது வசதியுள்ள விவசாயிதான், அடிபட்டது சிறு விவசாயி. இதுதான் அதன் சாரம். உலக அளவிலும் இதே கதை. பிரிட்டனின் டி1 ஆயில்ஸ் கம்பெனியோடு 2007-ல் கூட்டுச் சேர்ந்த பி.பி. எண்ணெய் நிறுவனம் 2009-ல் விலகிக்கொண்டது. பெரிய கம்பெனிக்கு விலகிக்கொள்ள ஒரு கையெழுத்து போதும். மூணு ஏக்கர்க்காரர் விலக ஜே.சி.பி. வாடகை கொடுத்து வேரைப் பறிக்கணும்.

இலக்கு என்ன ஆனது தெரியுமா? 2012-க்குள் 20 சதவீதம் என்றது, 2009 கொள்கையில் 2017-க்குள் 20 சதவீதம் ஆனது. 2018 கொள்கையில் 2030-க்குள் 5 சதவீதம் ஆனது. 2018 வரை டீசலில் கலந்தது ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இலக்கைத் திருத்தியவர்களுக்குச் சம்பளம் நிற்கவில்லை, பதவி உயர்வும் நிற்கவில்லை. நட்டவருக்கு மட்டும் நாலு வருச மகசூல் நின்றது.

அடுத்து "தரிசு" என்ற வார்த்தை. எனக்கு அதிகமாகக் கோபம் வருவது இதில்தான்.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கிராமக் கணக்கில் ரெண்டு சொல் உண்டு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. அதாவது சர்க்காருக்கு வரி வராத நிலம் தரிசு. வரி வராத நிலம் என்றால் பயனில்லாத நிலமா? வந்து பாருங்கள். அங்கேதான் கிடை ஆடு மேயும். மழை முடிந்ததும் கீரை பறிப்பார்கள். விறகு வெட்டுவார்கள். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாகச் சாத்தூர் பக்கம், அந்தத் தரிசு முழுக்கச் சீமைக் கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். செங்கல் சூளைக்கு, டீக்கடை அடுப்புக்கு, வீட்டு அடுப்புக்கு அதுதான் விறகு. சொந்த நிலமில்லாத குடும்பங்களுக்குக் கோடையில் கஞ்சி ஊற்றுகிற வேலை அது.

ஜெனிஃபர் பாக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் சாத்தூரில் தங்கி இதைத்தான் ஆராய்ந்தார். ராப் பெய்லிஸுடன் சேர்ந்து 2014-ல் அவர் வெளியிட்ட கணக்கு, எனக்குத் தெரிந்து இந்த விவாதத்தில் மிக முக்கியமானது. அதே நிலத்தில் காட்டாமணக்கு நட்டுக் கிடைக்கிற பயனுள்ள எரிசக்தியைவிட, ஏற்கெனவே அங்கே இருக்கும் சீமைக் கருவேலத்திலிருந்து 2.5 முதல் 10.3 மடங்கு வரை அதிக எரிசக்தி கிடைக்கிறது! எரிபொருள் விளையாத நிலம் என்று சொல்லி எரிபொருள் பயிர் கொண்டுவந்தார்கள். அங்கே ஏற்கெனவே எரிபொருள்தான் விளைந்துகொண்டிருந்தது. அது ஏழைகளின் எரிபொருள் என்பதால் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

உடனே "சீமைக் கருவேலத்துக்கு வக்காலத்தா?" என்று கேட்பீர்கள். இல்லை. கண்மாயை அடைத்துக்கொண்டு நிற்கும் கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. 2017 வாக்கில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவில் இதை வெட்டியதைப் பார்த்தவன் நான். ஆனால் வெட்டுவதற்கு முன்னால், இதை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பத்துக்கு மாற்று என்ன என்று கேட்க வேண்டும். தரிசு என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. நிலத்தை மட்டுமில்லை, அங்கே நிற்கிற ஆளையும் அந்தச் சொல் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

சரி, குளிர் தாங்கும் செடிக்கு வருவோம். காட்டாமணக்கு உறைபனியில் கருகிவிடும். வட இந்தியக் குளிரிலேயே இளஞ்செடி தாங்காது. 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருளைக் கலந்து பறந்தது. 2020 ஜனவரி 31-ல் இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் லே விமானத்தளத்திலிருந்தே 10 சதவீத உயிரி எரிபொருள் கலந்து கிளம்பியது. டேராடூனின் இந்தியப் பெட்ரோலிய நிறுவன விஞ்ஞானிகள் செய்தது. உண்மையிலேயே பெரிய சாதனை, கை தட்டுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லே குளிரைத் தாங்கியது எரிபொருள். செடியை லேயில் நட்டால் தாங்காது. சோதனைச்சாலையின் வெற்றி வேறு, வயலின் வெற்றி வேறு. செய்தியில் ரெண்டும் ஒன்றாகிவிடுகிறது.

குளிர்ப் பகுதிக்கு இன்று பேசப்படும் செடிகளில் உருப்படியானது கேமலினா. கடுகுக் குடும்பம். குளிர்காலத்தில் விதைத்து மூணு நாலு மாசத்தில் அறுக்கலாம். உத்தராகண்டில் ஹல்த்வானியில் இருந்த டி.ஆர்.டி.ஓ. ஆய்வு நிலையம் இதில் வேலை செய்திருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது குளிரைத் தாங்குவது கூட இல்லை. ஒரு வருசப் பயிர் என்பதுதான். ஏமாற்றினால் அடுத்த பருவத்தில் கடுகோ கோதுமையோ போட்டுக்கொள்ளலாம். காட்டாமணக்கு மாதிரி நாலு வருசம் நிலத்தைப் பிணையாகப் பிடித்துக்கொள்ளாது. எரிபொருள் பயிரைத் தேடுகிறவர்கள் "எவ்வளவு எண்ணெய்" என்று கேட்பதற்கு முன்னால் "தோற்றால் விவசாயி எவ்வளவு சீக்கிரம் வெளியே வரலாம்" என்று கேட்க வேண்டும்.

நான் எரிபொருள் பயிருக்கே எதிரி என்று நினைக்காதீர்கள். மக்காச்சோளத்தில் எத்தனால் எடுக்க ஆரம்பித்த பிறகு விலை நாலு காசு ஏறியதில் எனக்கு வருத்தமில்லை, சந்தோசம்தான். படைப்புழு வந்த 2018-க்குப் பிறகு இங்கே மக்காச்சோளக்காரன் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், அதுபோக ராத்திரியில் காட்டுப்பன்றி வேறு. ஆனால் விலை ஏறியதும் என்ன நடந்தது? ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் இறக்குமதி செய்தது. விலை விழுந்தால் அது சந்தை விதி. விலை ஏறினால் கப்பல் வரும். இப்போது நேப்பியர் புல்லில் எரிவாயு என்று ஒரு பேச்சு ஓடுகிறது. 2018-ல் தொடங்கிய திட்டத்தில் 2023-க்குள் 5,000 எரிவாயு ஆலை என்றார்கள். அந்தக் கெடு முடிந்தபோது நூறுகூட ஓடவில்லை. ஆலையே வராத ஊரில் புல்லை நட்டு யாரிடம் விற்பது?

ஆகவே, எந்தப் புதுச் செடியோடு யார் வந்தாலும் நான் கேட்கப்போவது நாலே நாலு.

ஒன்று, மானாவாரி நிலத்தில், சொட்டுநீர் போடாமல், ரெண்டு பொய்த்த மழையையும் சேர்த்து ஐந்து வருசம் விளைந்த கணக்கைக் காட்டுங்கள். ஆராய்ச்சிப் பண்ணையின் கிணற்றடிக் கணக்கு வேண்டாம்.

ரெண்டு, குறைந்தபட்ச விலையும் கொள்முதலும் பத்திரத்தில் வேண்டும். நீங்கள் வாங்காவிட்டால் என்ன நட்டஈடு என்பதும் அதே பத்திரத்தில் வேண்டும்.

மூணு, காய்ப்புக்கு வரும்வரை நிலத்துக்குக் குத்தகை கொடுங்கள். பரிசோதனை உங்களுடையது என்றால் செலவும் உங்களுடையதுதான்.

நாலு, புறம்போக்கில் கை வைப்பதற்கு முன் கிராமசபையில் வந்து பேசுங்கள். ஆடு மேய்ப்பவரும் விறகு வெட்டுபவரும் அங்கே உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள்.

இந்த நாலுக்கும் பதில் உள்ள செடி வந்தால் முதல் கன்றை நானே நடுகிறேன். மடவார் வளாகத்திலிருந்து சாத்தூர் வரைக்கும் சொல்லிச் சொல்லி நடவைப்பேன்.

நகரத்து நண்பர்களே, பெட்ரோல் பங்க்கில் உங்கள் வண்டிக்கு 20 சதவீத எத்தனால் கலந்து ஊற்றுகிறார்கள், மைலேஜ் குறைகிறது என்று சண்டை போடுகிறீர்கள். போடுங்கள், உங்கள் உரிமை. அதே கேள்வியை இந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்புங்கள். அடுத்த தடவை "சும்மா கிடக்குற நிலத்தில் எண்ணெய்ச் செடி" என்று வீடியோ வந்தால், எனக்கு அனுப்புவதற்கு முன் அனுப்பியவரிடம் ஒன்று கேளுங்கள். "அந்த நிலத்துல இப்ப என்ன இருக்கு, யாரு இருக்கா?" பதில் தெரியாது என்றால், அந்த வீடியோவை அங்கேயே விட்டுவிடுங்கள்.